பழைய நாற்காலி வேட்டை: இரண்டு வந்துவிட்டன, இரண்டு பாக்கி

சாப்பாட்டு மேசைக்கு நான்கு பழைய நாற்காலி தேட ஆரம்பித்து இது எட்டாவது மாதம். நான்கும் ஒரே ஜோடியாக வேண்டும் என்ற ஆசையை இரண்டாவது மாதமே விட்டுவிட்டேன். நான்கும் நாலு விதமாக இருக்கட்டும். உட்கார்ந்தால் ஆடக்கூடாது, முட்டிவலி உள்ள அம்மா சிரமப்படாமல் எழுந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் போதும்.

முதலில் வாங்கியது கணக்கில் வராது. "தேக்கு, எண்பது வருஷத்துச் சாமான்" என்று சொல்லி 3,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கரும்பழுப்பு மெருகு, கடைசல் கால், முதுகில் பூவேலை. பார்த்தவுடனே மனசு விழுந்துவிட்டது. ஒரே மாதத்தில் பின்கால் ஆட்டம் கண்டது. எங்கள் தெரு ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. எடுத்து அப்படியே கவிழ்த்துப் போட்டார்.

"மேல மெருகைப் பார்த்து வாங்கிட்டீங்க தம்பி. அடியில பாருங்க."

அடியில் பிளஸ் தலைத் திருகாணிகள். அந்த வகைத் தலை அமெரிக்காவிலேயே 1930-களில்தான் வந்தது. ஒன்றிரண்டு இருந்தால் பின்னால் யாரோ பழுது பார்த்தது என்று விடலாம். இதில் காலும் சட்டமும் சேரும் எல்லா இடத்திலும் அதுதான். ஒரு கட்டையின் முனையைச் சீவி இன்னொன்றின் துளையில் செருகுவார்களே, அந்தக் கழுந்தும் இல்லை, துளையும் இல்லை. வெளியே இருந்த அதே கரும்பழுப்பு அடிப்பலகையிலும் ஒரே சீராகப் பூசியிருந்தது. பழைய நாற்காலியின் அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் யாரும் மெருகு போட்டிருக்க மாட்டார்கள். அது வறண்டு, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். தேய்மானமும் கண்ட இடத்தில் இருக்காது. கை படும் கைப்பிடி முனை, பாதம் வைக்கும் முன் குறுக்குச்சட்டம், தரையில் இழுபடும் கால் நுனி, இங்கேதான் தேயும்.

கடைசியாகப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான ஓரிடத்தில் தேய்த்துக் காட்டினார். அவலரக்கு (ஷெல்லாக்) போட்ட பழைய மெருகானால் ஸ்பிரிட்டில் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டும். இது அசையவே இல்லை. இந்தக் காலத்து மெலமைன் பூச்சு. மரம் என்னவோ தேக்குதான், அதனால் அவரே கழுந்து வைத்து இறுக்கிக் கொடுத்தார். இப்போது என் எழுத்து மேசைக்கு அதுதான்.

அதற்குப் பிறகுதான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது வெளியே வரும் சாமான்களெல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. தூண், கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படங்கள், நடுவே நாற்காலிகள். பர்மாத் தேக்கைக் கண்ணாலும் கையாலும் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. முதல் பயணத்தில் ஒன்றும் வாங்கவில்லை. கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது பயணத்தில் ஒரு கைப்பிடி நாற்காலி பிடித்துப்போயிற்று. அடி சுத்தம், மூட்டு இறுக்கம். உட்கார்ந்தால் மட்டும் ஏதோ தாழ்வாகத் தெரிந்தது. நாடாவை எடுத்து அளந்தேன். பதினைந்தரை அங்குலம். சாப்பாட்டு நாற்காலிக்கு 17 முதல் 18 அங்குலம் வேண்டும். பிறகுதான் கடைசலைக் கவனித்தேன். காலின் அடிக்குமிழ் பாதியில் நின்றது. தரை கழுவும் தண்ணீரில் நுனி மக்கிப்போய், யாரோ நான்கு காலையும் சமமாக அறுத்திருக்கிறார்கள். அம்மாவால் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது. மனசில்லாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த வேலைப்பாடே இல்லாத தேக்கு நாற்காலியை எடுத்தேன். உயரம் பதினேழரை. மூட்டுகளில் அடித்த மூங்கில் ஆணிகளின் தலை இம்மி வெளியே தெரிந்தது. வருஷக்கணக்கில் சுற்றியிருக்கும் மரம் சுருங்கினால்தான் அப்படித் தெரியும். வச்சிரம், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை, போட்டு ஒட்டிய மூட்டு ஒன்று விட்டிருந்தது. வச்சிரத்தில் எனக்குப் பிடித்ததே, வெந்நீர் பட்டால் இளகிவிடும் என்பதுதான். பழைய பசையைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினோம். மெருகைச் சுரண்டவில்லை. நீர்க்க ஒரு கை அவலரக்கு, அவ்வளவுதான்.

அடுத்தது வளைமர நாற்காலி. என் நேரத்தையெல்லாம் தின்றதும், நான் அதிகம் நேசிப்பதும் இதுதான். மும்பை இரானி டீக்கடைப் படங்களில் வருமே, வட்ட இருக்கையும் வளைந்த முதுகுமாக, அதே வகை. வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1859-ல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிதான் இதன் மூலம். பீச் (beech) மரத்தை நீராவியில் இளக்கி வளைத்த ஆறு துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும், அப்படித்தான் கப்பலேறி உலகமெல்லாம் போயிற்று. 1869-ல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற வேறு கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன. அதனால் இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னுடையதில் சீட்டு கிழிந்த பசைத் தடம்தான் மிச்சம். ஆகவே அதைத் தோனெட் என்று யாரிடமும் சொல்வதில்லை.

பீச் மரத்தை உளு என்ற மரம் துளைக்கும் பூச்சி சீக்கிரம் தாக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் தட்டினேன். ஓட்டைகள் உண்டு, மாவு கொட்டவில்லை. பூச்சி போய் நாளாயிற்று என்று அர்த்தம். இருக்கை இல்லாத வெறும் கூடு 2,400 ரூபாய்.

வளையத்தைச் சுற்றி 72 துளை. அதாவது கையால் பிரம்பு பின்னிய நாற்காலி. துளைக்குப் பதில் பள்ளம் வெட்டியிருந்தால், நெய்து வரும் பிரம்பு விரிப்பை அழுத்திப் பதிக்கும் வகை. அது ஒரு மத்தியான வேலை. இது எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. பிரம்புப் பட்டையைக் கால்மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே வர, நடுத்துளையிலிருந்து தொடங்க வேண்டும். முன்பின்னாக ஒரு சுற்று, அதன்மேல் குறுக்காக ஒன்று, மறுபடி முன்பின்னாக ஒன்று. நாலாவது சுற்றிலிருந்துதான் நெசவு. ஐந்தும் ஆறும் மூலைவாட்டு. ஏழாவது ஓரக்கட்டு. துளையில் பட்டை நழுவாமல் இருக்க மூங்கில் குச்சியைச் சீவி ஆப்பு வைத்தேன்.

ஐந்தாவது சுற்றில் தப்பு செய்தேன். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே விட்டிருக்கிறேன். பட்டை இழுக்க இழுக்க உரசி, ஓரம் பிசிறியது. சரியாகப் பின்னினால் மூலைவாட்டுப் பட்டை இழைகளுக்கு நடுவே தானாக வழுக்கிப் போகும். கண்ணை விட விரலுக்கு அது முதலில் தெரிகிறது. அந்த ஞாயிறு பின்னியது முழுவதையும் அவிழ்த்தேன். இன்னொன்று, ஆரம்பச் சுற்றுகளை முறுக்காக இழுக்கவே கூடாது. ஆறு சுற்றுக்கும் இடம் வேண்டும், காயும்போது அது தானே இறுகும். பின்னாளில் தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணி வைத்து உலரவிட்டால் போதும், அதனால் அடியில் வார்னிஷ் அடிக்கவில்லை. கிட்டத்தட்ட 75 மீட்டர் பட்டை செலவு.

மூன்றாவதற்கு ஆசாரி ஒரு தோதகத்தி (ரோஸ்வுட்) நாற்காலி பார்த்து வைத்திருக்கிறார். கனம் அசரவைக்கிறது, உயரமும் சரி. ஆனால் முன்னால் யாரோ இரண்டு மூட்டிலும் இரும்பு ஆணி அடித்திருக்கிறார்கள், துருப்பிடித்து மரத்தில் கறை ஏறியிருக்கிறது. உள்ளே கழுந்து பிளந்திருந்தால் வேண்டாம் என்கிறார் அவர். எனக்கு விட மனசில்லை. வரும் சனிக்கிழமை, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஓர் ஆணியை மட்டும் பிடுங்கிப் பார்க்கப் போகிறோம்.