போக்கர் சொற்கள்: ஆடிக்கொண்டே பழகியதில் இதுவரை

போக்கர் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, நண்பர்களோடு பணம் கட்டாமல் வெறும் பிளாஸ்டிக் சிப்ஸை வைத்து டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையை ஆட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொன்றும் மண்டையில் ஏறுகிறது. இதுவரை பிடிபட்டதை எழுதி வைக்கிறேன், புதிதாக ஆடுபவர்களுக்கு உதவும்.

முதலில் பழகியது உட்காரும் வரிசை. டீலர் இடத்தைக் காட்டும் வட்ட வில்லைதான் பட்டன். அதற்கு இடப்பக்கம் இருப்பவர் ஸ்மால் பிளைண்ட், அவருக்கு அடுத்தவர் பிக் பிளைண்ட். இந்த இருவரும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சிப்ஸ் வைத்தாக வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டன் ஓர் இடம் நகர்வதால் யாரும் தப்ப முடியாது. ஆளுக்கு இரண்டு ஹோல் கார்டு (அவரவர் மட்டும் பார்க்கும் சீட்டு), நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூன்று சீட்டு ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஃபோல்ட் (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது), கால் (எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது), ரெய்ஸ் (அதைவிடக் கூட்டிக் கட்டுவது) எல்லாம் தானாக வந்துவிடும். செக், அதாவது எதுவும் கட்டாமல் ஆட்டத்தில் தொடர்வது, மட்டும் அந்தச் சுற்றில் நாம் சமன் செய்ய வேண்டிய பெட் எதுவும் இல்லாதபோதுதான் சொல்லலாம்.

கிக்கர், அதாவது ஜோடி சமமானால் வெற்றியை முடிவு செய்யும் பக்கச் சீட்டு, நேரில் பார்த்தால்தான் உறைக்கும். என்னிடம் ஏஸ், 9. எதிரில் இருந்தவரிடம் ஏஸ், கிங். நடுவில் ஏஸ், 7, 4, ஜாக், 2. இருவருக்கும் ஏஸ் ஜோடிதான், ஆனால் சிறந்த ஐந்து சீட்டை எடுத்து வைத்துப் பார்த்தால் அவருக்கு ஜோடிக்கு அடுத்து கிங் நிற்கிறது, எனக்கு ஜாக். பாட், அதாவது நடுவில் சேர்ந்த சிப்ஸ், மொத்தமும் அவருக்குப் போனது. ஏஸ் வந்துவிட்டாலே பெரிய சீட்டு என்று துள்ளுபவர்கள், அந்த ஏஸோடு வந்த சீட்டையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது அவுட்ஸ் கணக்கு, அதாவது நமக்குத் தேவையான சீட்டு இன்னும் எத்தனை மீதி என்று எண்ணுவது. கையில் இரண்டு ஆர்ட்டின், ஃபிளாப்பில் இரண்டு ஆர்ட்டின் என்றால் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அடிக்க இன்னும் ஒன்று போதும்; மொத்தம் 13-இல் 4 போக மீதி 9, அதுதான் அவுட்ஸ். இன்னும் இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் 4-ஆல் பெருக்கு, ஒன்றே பாக்கி என்றால் 2-ஆல் பெருக்கு, ஃபிளஷ் அமையும் வாய்ப்பின் தோராயமான சதவீதம் கிடைத்துவிடும்: 36, 18. உண்மையான கணக்கு ஏறக்குறைய 35, 19.6, ஆட்டத்தின் நடுவில் இந்த வித்தியாசம் பெரிதில்லை.

இதோடு பாட் ஆட்ஸை, அதாவது நாம் போட வேண்டியதற்கும் பாட்டுக்கும் உள்ள விகிதத்தை, சேர்த்தால்தான் ருசி. பாட்டில் 100 சிப்ஸ் இருக்கிறது, எதிராளி 50 கட்டுகிறார், நானும் 50 போட்டால் மொத்தம் 200. அதில் என் பங்கு கால்வாசி, ஆக 25 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கால் செய்வது கட்டுப்படியாகும். டர்ன் முடிந்து இதே ஃபிளஷ் எதிர்பார்ப்போடு இருந்தால், வாய்ப்பு 20-ஐக்கூடத் தொடவில்லை, கணக்குப்படி ஃபோல்ட். ஃபிளாப்பிலேயே 35 இருக்கிறதே என்று கேட்கலாம், ஆனால் அது இரண்டு சீட்டையும் வேறு செலவில்லாமல் பார்த்தால் மட்டுமே. டர்னில் அவர் மறுபடி கட்டினால் கதை மாறிவிடும். அவர் ஆல் இன் போய்விட்டார் (தன்னிடமிருந்த சிப்ஸ் முழுவதையும் கட்டிவிட்டார்) என்றால் அந்தக் கவலை இல்லை.

செட், டிரிப்ஸ் இரண்டுமே ஒரே எண்ணில் மூன்று சீட்டுதான். கையில் ஜோடி இருந்து நடுவில் ஒன்று வந்தால் செட், நடுவில் ஜோடி இருந்து கையில் ஒன்று இருந்தால் டிரிப்ஸ். செட் எதிராளி கண்ணில் படாது, அதனால் நல்ல வசூல்.

அடுத்து ஹெட்ஸ் அப், அதாவது இருவர் மட்டும் ஆடுவது. அங்கே பட்டன்காரரே ஸ்மால் பிளைண்ட் வைப்பார், ஃபிளாப்புக்கு முன் முதலில் பேசுவார் (தன் முடிவைச் சொல்வார்), அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் பேசுவார். அதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.