மாறுகண்ணுக்குப் பயிற்சியா, ஆபரேஷனா? ஒரு அளவுச் சீட்டுக்கு அலைந்த அலைச்சல்

மகளுக்கு மாறுகண் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக இருக்கிறாள். காரைக்குடிப் பக்கம் இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். ஆபரேஷனைவிட, அதற்கு முன்னால் ஒரு காகிதத்துக்காக அலையவிட்டதுதான் இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு இருந்தது விட்டுவிட்டு வரும் மாறுகண். களைத்துப்போனாலோ, எங்கேயாவது வெறித்துப் பார்த்தாலோ இடது கண் வெளிப்பக்கம் ஓடும். வெயில் அடிக்கும் வளவுக்கு வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் இரண்டும் நேராக நிற்கும்! அதனால் சாயங்காலத்தில், தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லி, போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது.

முதலில் போனது திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்கள், பிரிசம் என்ற பட்டகக் கண்ணாடியைக் கண் முன்னால் வைத்து, கண் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார்கள். அதுவரை குறையில்லை. பிறகு ஆலோசகர் என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "ஆபரேஷனே வேண்டாங்க, விஷன் தெரபியிலயே சரியாயிரும்" என்று கண் பயிற்சியைச் சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார். இப்போது விலகல் எவ்வளவு, பயிற்சியால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "டாக்டர் பாத்துக்குவாரு" என்பதோடு பேச்சு முடிந்தது. பணம் கட்டாமல் கிளம்பிவிட்டோம்.

வீட்டில் அப்பத்தாவுக்கு ஆபரேஷன் என்ற பேச்சே ஆகவில்லை. "மாறுகண்ணு யோகம்டி. பச்சப்புள்ள கண்ணுல கத்தி வைக்காதீக" என்று அழுதார். நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாளுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதலை நானும் மனதார ஏற்றுக்கொண்டேன். யோகம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. ஓடும் கண்ணில் விழும் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிட்டால், இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறன் குறைந்துகொண்டே போகும்.

அடுத்து மதுரை. அங்கே குழந்தைகள் கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய பிரிசம் அளவு எங்கம்மா?" எங்களிடம் இருந்த சீட்டில் கண்ணாடிப் பவரும் 'தெரபி' என்ற ஒற்றைச் சொல்லும் மட்டும்தான். விலகல் கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்று தெரிந்தால்தான் அவசரமா, பொறுக்கலாமா என்று சொல்ல முடியும் என்றார்.

மறுபடியும் திருச்சி. கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஃபைல் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், வெளிய தரமாட்டோம்." பஸ் காசும் பிள்ளையின் பள்ளிக்கூட நாளும் வீண்.

இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும். விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கினேன். வாயால் கேட்டபோது வராத காகிதம், கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கியபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

பழைய அளவு தூரப் பார்வையில் 25 பிரிசம் டயாப்டர் (விலகலை அளக்கும் அலகு; எண் கூடினால் விலகலும் கூடுதல்). மதுரையில் எடுத்தது 35. அதற்குப் பிறகுதான் டாக்டரால் பிரித்துச் சொல்ல முடிந்தது. பக்கத்தில் பார்க்கும்போது கண்கள் உள்ளே குவியாத கோளாறுக்குப் பயிற்சி நன்றாகக் கேட்கும். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 12 வாரம் நிபுணர் மேற்பார்வையில் பயிற்சி கொடுத்ததில் சுமார் 73 சதவீதம் பேர் தேறினார்கள். என் மகளுக்கோ தூரத்தில் பார்க்கும்போதுதான் விலகல் அதிகம், அதுவும் கூடிக்கொண்டிருந்தது. பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்றார்.

ஆபரேஷனுக்கும் அவர் முழு உத்தரவாதம் தரவில்லை, அதனாலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. இந்த வகை மாறுகண்ணுக்கு 2019-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முறையைப் பொறுத்து 37 முதல் 46 சதவீதம் குழந்தைகளுக்கு மூன்று வருடத்துக்குள் பலன் போதாமல் போனது என்பதையும் அவரே சொன்னார். கண்ணை வெளியே எடுப்பார்கள் என்று ஊரில் சொல்வது சுத்தப் பொய். மேல்சவ்வில் சின்னதாகக் கீறி, கண்ணை இழுக்கும் தசையைச் சில மில்லிமீட்டர் தள்ளித் தைக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் கொடுத்த தேதியில் அவளுக்குச் சளி. மயக்க மருந்து டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வெறும் வயிற்றோடு பசியில் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். இருமல் சளி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து கேட்டுவிடுங்கள். அடுத்த தேதியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த சில நாள் கண் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். பதறிப்போய் போன் செய்தோம். கண் மறுபடி வெளியே ஓடாமலிருக்க வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத் திருத்துவார்களாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். அப்படியே சரியானது. இதை ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

இப்போது தூரப் பார்வையில் கண் நேராக நிற்கிறது. பக்கத்துப் பார்வையில் மிச்சமிருக்கும் சிறு விலகலுக்கு மதுரை டாக்டரே பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கிறார், வீட்டிலேயே செய்கிறாள். ஒவ்வொரு முறையும் தூரத்து அளவு, பக்கத்து அளவு, தேதி மூன்றையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் படியிறங்குகிறேன்.