எரரும் இல்லை, டேட்டாவும் இல்லை: ஆர்எல்எஸ்ஸிடம் பட்ட பாடு

நண்பரின் பழைய புத்தகக் கடைக்கு ஓர் இருப்புப் பட்டியல் பக்கம், கூடவே 'இந்தப் புத்தகம் வேண்டும்' என்று எழுதிக்கொடுக்க ஒரு ஃபார்ம். சர்வரைக் கட்டி மேய்க்க ஆள் இல்லாததால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ஹோஸ்ட் செய்து தரும் ஒரு சேவையில் கணக்குத் தொடங்கி (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்) அவர்களுடைய ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்ட் லைப்ரரியை என்பிஎம்மில் இறக்கினேன். அதுவரை சுகம்.

முதல் முட்டல், டேட்டாபேஸோடு பேச அந்தச் சேவை தரும் சாவியை வைக்கிற இடத்தில். அவர்களுடைய வழிகாட்டியில் அதை 'பிராசஸ் டாட் என்வ்' வழியாக எடுக்கச் சொல்லி இருக்கிறது. பக்கத்தைக் கட்ட நான் வைத்திருந்த கருவி வீட் (Vite), அதில் 'இம்போர்ட் டாட் மெட்டா டாட் என்வ்' வழியாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் மாறியின் பெயர் வி-ஐ-டி-இ, அடிக்கோடு என்று தொடங்கினால்தான் பிரவுசர் பக்கம் வரும். ரகசியங்கள் தெரியாமல் பிரவுசருக்குப் போகும் பண்டிலில் ஏறிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு, நியாயம்தான். வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, அது சின்ன விஷயம். டாஷ்போர்டின் எஸ்கியூஎல் எடிட்டரில் செலக்ட் போட்டால் புத்தகங்கள் வரிசையாக வருகின்றன. அதையே என் பக்கத்திலிருந்து கேட்டால் ஸ்டேட்டஸ் 200, எரர் நல், டேட்டா காலி அரே. சிவப்பாக ஏதாவது வந்திருந்தால் அதைப் போட்டுத் தேடவாவது செய்யலாம். சப்போர்ட்டுக்கு எழுதினால் 'உங்கள் புராஜெக்ட் நன்றாக இயங்குகிறது' என்று பதில் வருகிறது!

காரணம் ரோ லெவல் செக்யூரிட்டி, தலைப்பில் சொன்ன ஆர்எல்எஸ்: டேபிளின் எந்த வரிசையை யார் தொடலாம் என்று டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்து இருப்பதுதான். அதை இயக்கிவிட்டு பாலிசி (யாருக்கு என்ன அனுமதி என்ற விதி) எதுவும் எழுதாவிட்டால் எல்லா வரிசைகளும் மறைந்துவிடும். செலக்டைப் பொறுத்தவரை அது வெறும் வடிகட்டல், அதனால்தான் எரர் வராது. டேபிளின் ஓனருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எடிட்டர் ஓடுவதும் ஓனராகத்தான் என்பதால் அங்கே எல்லாம் தெரிகிறது. 'சீக்ரெட் சாவியைப் போடுங்கள், வேலை செய்யும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேலை செய்யும்தான், ஆனால் அந்தச் சாவி எல்லாப் பாலிசியையும் தாண்டிவிடும், பக்கத்தைத் திறக்கிற யாரும் டெவ்டூல்ஸில் அதை எடுத்துக்கொள்ளலாம். புத்தக டேபிளுக்கு ஏனான் (anon) ரோலுக்கான, அதாவது லாகின் செய்யாமல் வருகிறவர்களுக்கான, ஒரு செலக்ட் பாலிசி எழுதியதும் பட்டியல் வந்துவிட்டது. சோதிக்க ஒரு வழி: எடிட்டரில் பிகின், 'செட் லோக்கல் ரோல் ஏனான்', உங்கள் செலக்ட், ரோல்பேக். வாடிக்கையாளர் கண்ணில் படுவது அப்படியே தெரியும்.

ஃபார்ம் வேறு மாதிரி படுத்தியது. இன்சர்ட் பாலிசி இருந்தும் 42501 என்ற எரர், பாலிசியை மீறிய வரிசை என்று புகார். வழிகாட்டியின் மாதிரியில் இன்சர்ட்டின் வாலில் ஒரு செலக்ட் ஒட்டியிருக்கிறது. சேர்த்த வரிசையைத் திருப்பிக் கேட்பதற்கு செலக்ட் பாலிசியும் வேண்டும். அதைக் கொடுத்தால் போன் நம்பரோடு எல்லாருடைய கோரிக்கையும் ஊருக்கே தெரிந்துவிடும். வாலை வெட்டினேன், ஃபார்ம் ஓடுகிறது.