ஒப்பந்தச் சட்டம் முதல் தாவர அறிவியல் வரை: ஆய்வில் சான்றைச் சோதிக்கும் வழிகள்

தாவர அறிவியல் படித்தவர் விதை உரிமைச் சட்டத்தை ஆராயப் போகிறார். சட்டம் படித்தவர் விதை விற்பனை ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டு, விளைச்சல் சோதனை அறிக்கைகளைப் புரட்டும் நிலைக்கு வருகிறார். இப்படித் துறை தாண்டுகிறவர்களும் சரி, ஒரே துறையில் முதுகலையிலிருந்து முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களும் சரி, தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: எதைச் சான்றாக எண்ணுவது என்பதில். அதனால், தலைப்பைச் செதுக்குவதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிவிடுங்கள். இந்தத் துறையில் எதை ஒரு சான்று என்று கணக்கில் வைக்கிறார்கள்? அந்தச் சான்று இன்றும் செல்லுபடியாகிறதா?

சட்டத்திலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்து மரபைப் பின்பற்றும் நாடுகளில் தீர்ப்பே சான்று. ஆனால் தீர்ப்பின் எல்லா வரிகளுக்கும் ஒரே எடை கிடையாது. வழக்கை முடிக்க இன்றியமையாததாக இருந்த சட்டக் காரணம் ரேஷியோ. கூடுதலாகச் சொல்லப்பட்ட கருத்து ஓபிட்டர். பின்வரும் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது முதலாவது மட்டுமே. 1946-ல் தீர்ப்பு வந்த ஹை ட்ரீஸ் வழக்கு இதற்கு நல்ல பயிற்சி. போர்க்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஆள் வராததால் உரிமையாளர் வாடகையைப் பாதியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார். பின்னர் 1945-ன் கடைசி இரண்டு காலாண்டுகளுக்கு முழு வாடகை கேட்டார். நீதிமன்றமும் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு புகழ்பெற்றது இன்னொரு பகுதியால்: போர்க்காலத்துக்கான மீதி வாடகையைக் கேட்டிருந்தால் வாக்குறுதியை மீற அனுமதித்திருக்க மாட்டோம் என்று நீதிபதி டென்னிங் சொன்னார். அந்த வாடகையை யாருமே கேட்கவில்லை. ஆகவே அது ஓபிட்டர். ஆய்வேட்டில் "ஹை ட்ரீஸில் நீதிமன்றம் இவ்வாறு தீர்ப்பளித்தது" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். கேட்பதும் நியாயம்.

அடுத்த பொறி தலைக்குறிப்பு. தீர்ப்புத் தொகுப்பில் மேலே இருக்கும் சுருக்கத்தை எழுதுபவர் தொகுப்பாசிரியர், நீதிபதி அல்ல. இழப்பீட்டின் எல்லையை வகுத்த ஹாட்லி எதிர் பேக்சென்டேல் (1854) வழக்கில், ஆலையின் உடைந்த இயந்திரத் தண்டைக் கொண்டு சேர்க்கத் தாமதமானது. ஆலை நின்றுவிட்டது என்று போக்குவரத்து நிறுவனத்தின் எழுத்தரிடம் சொல்லப்பட்டதாகத் தலைக்குறிப்பு கூறுகிறது. தீர்ப்போ, உடைந்த தண்டு என்பதும் அனுப்புகிறவர்கள் அந்த ஆலைக்காரர்கள் என்பதும் மட்டுமே தெரிவிக்கப்பட்டதாக வைத்துக்கொண்டு நடக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு வழக்கே தலைகீழாகிவிடும்: "சொல்லியும் இழப்பீடு கிடைக்கவில்லை" என்று விதியை எழுதிவிடுவார். 1949-ல் விக்டோரியா லாண்டரி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமே இந்தத் தலைக்குறிப்பு தவறாக வழிகாட்டுகிறது என்று சுட்டிக்காட்டியது.

ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது ஐந்து விஷயங்களை உங்கள் சொல்லிலேயே எழுதிவையுங்கள்: நீதிமன்றம் ஏற்ற நிகழ்வுகள், கேட்கப்பட்ட நிவாரணம், வழக்கு எந்தக் கட்டத்தில் எந்த நீதிமன்றத்தில் இருந்தது, முடிவு, அந்த முடிவுக்குத் தேவைப்பட்ட காரணம். பல நீதிபதிகள் தனித்தனியே எழுதியிருந்தால், முடிவில் ஒத்துப்போனவர்கள் காரணத்திலும் ஒத்துப்போனார்களா என்று பாருங்கள். மூன்று பேரும் வேறு வேறு காரணம் சொல்லியிருந்தால் அந்த வழக்கை ஒரு விதிக்கு ஆதாரமாகக் காட்டுவது கடினம்.

ஆண்டைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் நிறுவனம் என்ற வழக்கை எல்லாரும் 1893 என்கிறார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 1892 டிசம்பரில். 1893 என்பது அது அச்சான தொகுதியின் ஆண்டு. இங்கிலாந்து முறையில் சதுர அடைப்புக்குள் ஆண்டு இருந்தால் தொகுதியைக் கண்டுபிடிக்க அந்த ஆண்டு அவசியம் என்று பொருள். வட்ட அடைப்பாக இருந்தால் தொகுதி எண்ணே போதும். கால வரிசையில் வாதத்தை அடுக்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் போனால், பின்னால் வந்த தீர்ப்பை முன்னால் வைத்துவிடுவீர்கள்.

தொகுப்புச் சட்டம் உள்ள நாடுகளை ஒப்பிடுவோருக்கு வேறொரு சிக்கல். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் ஒப்பந்தப் பகுதி 2016 அக்டோபர் 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 1134 என்று மேற்கோள் காட்டப்பட்ட சரத்தின் உள்ளடக்கம் 1103, 1104, 1193 என்று பிரிந்துவிட்டது. 1382 இப்போது 1240. பழைய கட்டுரையிலிருக்கும் எண்ணை இன்றைய சட்டநூலில் தேடினால் வேறு ஏதோ ஒரு சரத்துதான் கண்ணில் படும். எண்ணை எழுதும்போதெல்லாம் எந்தத் தேதியில் நடைமுறையில் இருந்த வடிவம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு, சான்று இன்றும் செல்லுபடியாகிறதா என்ற கேள்வி. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்தவர்கள் பின்பற்றினார்களா, வேறுபடுத்தினார்களா, ரத்து செய்தார்களா என்று தொகுக்கும் வேலையை ஃபிராங்க் ஷெப்பர்ட் 1873-ல் அமெரிக்காவில் தொடங்கினார். வழக்கறிஞர்களின் இந்தக் கருவியை முன்மாதிரியாகக் கொண்டுதான் யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். இன்று கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரைக்கு அடியில் தெரியும் மேற்கோள் எண்ணிக்கை அந்த வழியில் வந்ததுதான். ஆனால் ஒரு முக்கியமான பண்பு வழியில் தொலைந்துபோனது. சட்டக் கருவி "ரத்து", "வேறுபடுத்தப்பட்டது" என்று மேற்கோளின் தன்மையைச் சொல்லும். அறிவியல் எண்ணிக்கை, பாராட்டியவரையும் மறுத்தவரையும் ஒன்றாகக் கூட்டிவிடும். அந்தப் பிரிப்பை நீங்களேதான் செய்ய வேண்டும். உங்கள் வாதம் சாய்ந்து நிற்கும் நான்கைந்து முக்கியக் கட்டுரைகளுக்காவது, அவற்றை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகளைத் திறந்து, மேற்கோள் வரும் வரியைப் படியுங்கள். சில மணி நேர வேலை, பலன் பெரிது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் வெளியீட்டாளரின் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். பழைய பிடிஎஃப் கோப்பு கையிலிருந்தால் அதில் அந்த அறிவிப்பு இருக்காது. 1998-ல் லான்செட்டில் வந்த, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010-ல்தான்; இடையில் 12 ஆண்டுகள்.

மேற்கோளிலிருந்து மேற்கோளை எடுப்பதும் ஆபத்து. கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை தசமப் புள்ளி இடம் மாறியதால் வந்தது என்ற கதை பல கட்டுரைகளில் இருக்கிறது. 1981-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரை அதைப் பரவலாக்கியது. பிற்காலத்தில் மூலத்தைத் தேடியவர்களுக்கு அந்தப் புள்ளிப் பிழைக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. தவறான தகவலை எச்சரிக்கும் கதையே சரிபார்க்காமல் நகலெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் திறந்து படிக்காத எதையும் அடிக்குறிப்பில் போடாதீர்கள். மூலம் கிடைக்கவில்லையென்றால், யார் வழியாக அறிந்தீர்களோ அவரைக் குறிப்பிடுங்கள்.

தேடலில் தாவர அறிவியல் மாணவர்கள் அதிகம் கோட்டைவிடுவது பெயரில். தக்காளியை லின்னேயஸ் 1753-ல் சொலானம் பேரினத்தில் வைத்தார். 1768-ல் மில்லர் அதை லைகோபெர்சிகான் எஸ்குலென்டம் ஆக்கினார். மரபணுச் சான்றுகள் வந்தபின் அது மறுபடி சொலானம் லைகோபெர்சிகம் ஆனது. இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் இருபதாம் நூற்றாண்டு ஆய்வுகளில் பெரும்பகுதி நழுவிவிடும். ஏற்கப்பட்ட பெயர், ஒத்த பெயர்கள், பொதுப் பெயர் மூன்றையும் "அல்லது" (OR) குறியால் இணைத்து ஓர் அடைப்புக்குள் வையுங்கள். ஆராயும் பண்பை இன்னோர் அடைப்புக்குள் வைத்து "மற்றும்" (AND) குறியால் சேருங்கள். தேடிய தேதி, தரவுத்தளம், தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை நான்கையும் அன்றே எழுதிவையுங்கள். முறையான தொகுப்பாய்வு செய்பவர்களிடம் பிரிஸ்மா 2020 என்ற அறிக்கை வழிகாட்டிப் பட்டியலின் 27 அம்சங்கள் இவற்றையெல்லாம் கேட்கும். ஒரு வருடம் கழித்து நினைவிலிருந்து நிரப்ப முடியாது.

இனி சோதனைக்கு வருவோம். தாவர அறிவியலில் ஒரு சான்று என்பது எது? ட்ரீட்மென்ட் (நீங்கள் சோதிக்கும் வெப்பநிலை, உர அளவு போன்றது) எந்த அலகுக்குத் தனித்தனியாக, குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டதோ அந்த அலகு. இரண்டு வளர்ப்பு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் 22 டிகிரி செல்சியஸ், மற்றதில் 28. ஒவ்வொன்றிலும் பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை என்று அளக்கிறீர்கள். ஒரு வெப்பநிலைக்கு முப்பது அளவு கிடைக்கும். ஆனால் ரெப்ளிகேட், அதாவது தனித்தனியாக ட்ரீட்மென்ட் பெற்ற அலகு, ஒன்றுதான். அறைகளுக்கிடையே விளக்கின் வயதும் காற்றோட்டமும் ஈரப்பதமும் வேறுபடும். வித்தியாசம் வெப்பத்தால் வந்ததா அறையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. இந்தப் பிழைக்குப் போலி ரெப்ளிகேஷன் என்ற பெயரை 1984-ல் ஹர்ல்பர்ட் நிலைநிறுத்தினார். இன்றும் ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். கூடுதல் அறை இல்லையென்றால் சோதனையைக் காலத்தில் மீண்டும் செய்யுங்கள்: அடுத்த சுற்றில் வெப்பநிலைகளை அறை மாற்றி வையுங்கள், குறைந்தது மூன்று நான்கு சுற்று. பகுப்பாய்வில் சுற்றை ஒரு பிளாக்காக, அதாவது ஒரே சூழலைப் பகிரும் தொகுதியாக, சேருங்கள். ஒரே செடியின் மூன்று இலைகளைச் சராசரியாக்கி ஒரு எண்ணாகக் கொள்ளுங்கள். அல்லது செடியைத் தற்செயல் காரணியாக வைத்த கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள்.

பிளாக் போடுவதற்குக் காரணம் வேண்டும். கண்ணாடிக் கூடத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் அதிகம் என்றால், வெளிச்சம் குறையும் திசைக்குக் குறுக்காக பிளாக்குகளை அமையுங்கள்; ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா ட்ரீட்மென்டும் ஒரு முறை வர வேண்டும், உள்ளே வரிசை குலுக்கலில். ஓரத் தொட்டிகள் வேகமாகக் காயும், வெளிச்சமும் அதிகம் வாங்கும். சுற்றிலும் அளக்கப்படாத காவல் வரிசை ஒன்று வையுங்கள்.

எண்ணிக்கையை முடிவு செய்ய முன்சோதனையின் சிதறலைப் பயன்படுத்துங்கள். திட்டப்பிழையை (சராசரி எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவை) பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ரெப்ளிகேட் தேவை. எட்டுத் தொட்டி முப்பத்திரண்டாகும். இடமும் ஆளும் அதற்குத் தாங்காது என்றால், ட்ரீட்மென்ட் எண்ணிக்கையைக் குறைப்பதே சரியான முடிவு. ஆறு உர அளவுகளை மூன்று ரெப்ளிகேட்டில் அரைகுறையாகச் சோதிப்பதைவிட மூன்று அளவுகளை ஆறு ரெப்ளிகேட்டில் சோதிப்பது மேல்.

அளக்கும் நாளில் கெடுவது வரிசையால். இலையில் மாவுச்சத்து பகலில் சேர்ந்து இரவில் கரைகிறது. காலையில் கன்ட்ரோல் (ட்ரீட்மென்ட் பெறாத ஒப்பீட்டுச் செடிகள்) எல்லாம், பிற்பகலில் ட்ரீட்மென்ட் எல்லாம் என்று பறித்தால், நீங்கள் அளந்தது கடிகாரத்தை. ஒரு பிளாக்கை முடித்துவிட்டே அடுத்த பிளாக்குக்குப் போங்கள். பறித்த நேரத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் எழுதுங்கள். உலர் எடைக்கு 70 டிகிரியில் 48 மணி நேரம் என்பது வழக்கம், ஆனால் தண்டும் வேரும் தடிமனாக இருந்தால் போதாது. இரண்டு முறை எடை பார்த்து மாறாத பிறகே நிறுத்துங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததை டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய கலத்தில்) ஆறவிட்டு எடை போடுங்கள். திறந்த மேசையில் வைத்தால் காற்றிலிருந்து ஈரம் ஏறும். அரபிடாப்சிஸ் போன்ற ஆய்வகச் செடிகளில் விதைத் தொகுப்பும் முக்கியம்: ஒப்பிடும் வகைகளின் விதைகள் ஒரே காலத்தில், ஒரே சூழலில் வளர்ந்த தாய்ச்செடிகளிலிருந்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முளைப்பில் தெரியும் வேறுபாடு மரபணுவால் வந்ததென்று சொல்ல முடியாது. காட்டில் சேகரித்த தாவரம் என்றால் பூவோடு ஒரு மாதிரியை உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைத்து, அதன் எண்ணை ஆய்வேட்டில் கொடுங்கள். இனம் தவறென்று பின்னால் யாராவது ஐயப்பட்டால் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி.

தரவுக் கோப்பில் எக்ஸெல் செய்யும் சேதத்தைத் தடுத்துவிடுங்கள். தொட்டிக்கு "2-5" என்று பெயர் வைத்தால் அது தேதியாக மாறிவிடும். மனித மரபணுக்களுக்கும் இதே கதி நேர்ந்ததால், 2020-ல் பெயரிடும் குழு சில மரபணுக்களின் குறியீட்டையே மாற்றியது. மார்ச்1 என்பது மார்ச்எஃப்1 ஆனது. பெயரை எழுத்தில் தொடங்குங்கள், நெடுவரிசையை உரை வடிவுக்கு மாற்றிவிட்டு உள்ளிடுங்கள், மூலக் கோப்பைப் பூட்டிவைத்து நகலில் வேலை செய்யுங்கள்.

வரலாற்று ஆய்வில் ஆவணக் காப்பகத்தின் தொகுதி எண்ணும் தாள் எண்ணும் இல்லாத புகைப்படத்தால் பயன் இல்லை. படமெடுக்கும்போதே எண் எழுதிய சீட்டையும் சட்டகத்துக்குள் வையுங்கள். கருத்துக்கணிப்பு ஆய்வில் பதில் தராதவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்பதைப் பதிவு செய்யாமல் சதவீதம் எழுதக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-ல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. இல்லாத கட்டுரைக்கும் நம்பும்படியான ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் வந்துவிடும். கருவி கொடுத்த ஒவ்வொரு மேற்கோளையும் டிஓஐ எண்ணாலோ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பிலோ திறந்து பாருங்கள். திறக்க முடியாததை நீக்குங்கள்.

சமர்ப்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பு முக்கியமான சான்றுகளை மறுபடி ஒரு சுற்று பாருங்கள். தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியிருக்கலாம், கட்டுரைக்குத் திருத்தம் வந்திருக்கலாம், முன்பதிப்பாக (மதிப்பீட்டுக்கு முன் இணையத்தில் வைக்கப்பட்ட வடிவில்) படித்தது ஆய்விதழில் வேறு எண்களோடு வெளிவந்திருக்கலாம். மாற்றம் இருந்தால் அந்த இடத்திலேயே அதைச் சொல்லி, உங்கள் முடிவு அதனால் எவ்வளவு நகர்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது அந்தச் சரிபார்ப்பின் தேதியும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.