மூடி மேல் ஒரு எருமை

ஊட்டியில் கல்லூரிக் கலைவிழா. உள்ளே பிள்ளைகளின் இசை நாடகம், வெளியே சாரல். நான் நின்றுவிட்டதோ வாசல் மேசை முன்னால்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு மண்மூடி. அதன் மேல் கொம்பு வளைந்த எருமை. நீலகிரியின் பழங்கால ஈமக் கல்குவைகளில் கிடைத்த தாழி மூடிகளைப் பார்த்து ஒரு மாணவி செய்தது.

"அசல் எங்கம்மா இருக்கு?"

"எழும்பூர் மியூசியத்துல சார். லண்டன்லயும் இருக்கு."

அந்தக் கால நீலகிரி வெள்ளைக்காரக் கமிஷனர் பிரீக்ஸ் அவற்றைத் தோண்டியெடுத்த சேதி 1873-இலேயே புத்தகமாக வந்துவிட்டது. மலையில் இருக்கிற நமக்கு நகல்தான். சரி, அதுவாவது வந்ததே.

எருமை முதுகில் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அசலைப் பிசைந்தவருடைய ரேகையும் எங்காவது ஒட்டியிருக்குமோ?

கேட்பதற்குள் மேடையில் கூப்பிட்டார்கள். சேறு காயாத கையோடு கோரஸுக்கு ஓடிவிட்டாள்.