யாருடைய எல்லையும் இல்லாத கல்

"சார், ரோடு அகலம் பண்ணப் போறாங்களா?"

ஒரு கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் போதும், பத்து நிமிஷத்தில் யாராவது வந்து இதைக் கேட்டுவிடுவார். மெட்ரோ வருதா, பட்டா மாறுமா, வீட்டை இடிப்பாங்களா என்று கேள்வி ஊருக்கு ஊர் மாறும். முகத்தில் இருக்கும் கலக்கம் மாறாது. நம் பக்கத்தில் தரையில் நட்ட கல் என்றால் ஒன்று எல்லை, இல்லாவிட்டால் சாமி. இரண்டும் இல்லை, இது உயரம் பார்க்க வைத்த கல் என்று சொன்னால், "அதான், எதுக்கு அளக்கிறீங்க?" என்று ஆரம்பத்துக்கே வந்து நிற்பார்கள்.

நான் எதையும் அளப்பதில்லை. யாரோ எப்போதோ அளந்துவிட்டுப் போன அடையாளங்களைத் தேடிப் பார்ப்பதுதான் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பெஞ்ச்மார்க் என்பது சராசரிக் கடல்மட்டத்திலிருந்து இந்த இடம் இத்தனை உயரம் என்று கணக்குப் பார்த்து வைத்த புள்ளி. பாலத்துக் கைப்பிடிச் சுவர், ரயில்வே பிளாட்பாரம், கோயில் படி என்று லேசில் அசையாத இடமாகப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். ஜி.டி.எஸ். (மகா முக்கோண அளவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), பி.எம். (பெஞ்ச்மார்க்) என்ற ஆங்கில எழுத்துகள் கண்ணில் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு கூட வேண்டாம். என் மனைவிக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு.

இந்தக் கிறுக்கு பிடித்தது பரங்கிமலையில். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அளவையாளர் இங்கேதான் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு நாட்டை அளந்து, பின்னால் இமயமலை வரை போன மகா முக்கோண அளவைக்கு முதல் கோடு அது. மாதா கோயில் வாசலுக்குப் பக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. மேலே வருகிறவர்கள் விமானம் இறங்குவதைப் பார்க்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். லாம்டன் தனியாகத்தான் நிற்கிறார்.

அங்கே நின்றுகொண்டு போனில் உயரம் பார்த்தேன். செயற்கைக்கோள் தரும் எண்ணை எந்தத் திருத்தமும் செய்யாமல் காட்டும் ஒரு செயலி வைத்திருந்தேன். மலை முன்னூறு அடி இருக்கும். போனோ பூஜ்யத்தை ஒட்டி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சாயங்காலம் மெரினாவுக்குப் போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். மைனஸ் எண்பது மீட்டரைத் தாண்டிவிட்டது. சுண்டல் தின்றுகொண்டு கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன்!

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. செயற்கைக்கோள் அளப்பது கடலிலிருந்து அல்ல, பூமிக்கு என்று கணக்குக்காக வரைந்த வழவழப்பான ஒரு முட்டை வடிவத்திலிருந்து. நிஜக் கடல் அந்த வடிவத்தோடு ஒட்டிப் போவதில்லை. ஈர்ப்பு குறைவான இடங்களில் அது தாழ்ந்து கிடக்கும். உலகத்திலேயே அதிகமாகத் தாழ்ந்திருப்பது நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர். சென்னைக் கடலும் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் இருக்கிறது. அப்புறம் அந்தச் செயலியைத் திட்டுவதை விட்டுவிட்டேன். கடலைப் பார்த்துக் குறித்து வைத்த கல்லின் மேல் மரியாதை வந்தது.

சரி, லாம்டனின் கோட்டுக்கு இன்னொரு முனை வேண்டுமே. அது பெரும்பாக்கம் குன்றுப் பக்கம், ஏறத்தாழ ஏழரை மைல் தள்ளி. அவர் வைத்திருந்தது நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே சீந்துவாரில்லாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஏழரை மைலுக்கு அதை நானூறு தடவையாவது நீட்டிப் போட்டிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறார்கள். நான் வரைபடத்தில் மலையிலிருந்து மலைக்கு ஒரு கோடு இழுத்து, ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று முடிந்தவரை அதை ஒட்டியே வண்டியில் போனேன். கோடு நேராகப் போகிறது. தெரு போகவில்லை. ஏரியைச் சுற்றி, கல்யாண மண்டபத்துக் கூட்டத்தில் மாட்டி, ஒருவழிப் பாதையில் திரும்பி, பெரும்பாக்கம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம்.

அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வேலிக்காத்தான் முள்ளுக்குள் இரண்டு மணி நேரம் சுற்றினேன். சட்டை கிழிந்தது, முழங்கையில் ரத்தம். ஒரு கல் தென்பட்டது. ஆசையோடு மண்ணைத் தள்ளிப் பார்த்தால் யாரோ மனைக்கு நட்ட எல்லைக்கல், மஞ்சள் பெயின்ட் கூட இன்னும் போகவில்லை. ஆடு மேய்த்த பையன் மட்டும் கடைசிவரை கூடவே வந்தான். புதையல் கிடைத்தால் அவனுக்குப் பாதி என்று முதலிலேயே பேசி வைத்திருந்தான்.

நுங்கம்பாக்கத்தில் அந்தத் துன்பம் இல்லை. கல்லூரிச் சாலையில் வானிலை மையம் இருக்கும் வளாகத்தில்தான் பழைய மெட்ராஸ் வானாய்வுக்கூடம் இருந்தது. அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 1792 என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் கூட எழுத்து உண்டு. அனுமதி கேட்டு உள்ளே போனேன். பக்கத்தில் உள்ள கல் பலகையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லாம்டன் தன் அளவைக்கு ஆதாரமாக வைத்த புள்ளி இந்தத் தூண் இல்லையாம். தூணின் மையத்திலிருந்து ஆறடி தெற்கே, ஓரடி மேற்கே தள்ளி இருந்ததாம். டேப்பை எடுத்து ஆறடி போட்டு, ஓரடி நகர்ந்து, குனிந்து பார்த்தேன். சருகு. இரண்டு எறும்பு. தோட்டக்காரர் வந்து, "எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றியது.

நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த கல் செங்கல்பட்டுக்குத் தெற்கே, பழைய ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தில் இருக்கிறது. இடத்தைச் சரியாகச் சொல்ல மாட்டேன், பெயர்த்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரின் கடைசிக் கல் அது. அதை ஒட்டி ஒரு அக்கா தட்டு வைத்து மீன் விற்கிறார். நான் போனபோது சங்கராவை அலசிப் போட்டுவிட்டு, கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார். கத்தி நின்ற இடத்துக்குக் கீழே ஜி. தெரிந்தது. பாதி டி. தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி ஊத்துங்களேன்."

ஊற்றினார். செதில் ஓடியது, எழுத்து முழுசாக வந்தது. நடுவில் மட்டமாகச் செதுக்கிய இடத்தில்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தித் தடம். விரலை வைத்தால் கொஞ்சம் குழிந்தே இருக்கிறது.

இந்தியாவில் இந்த மட்டம் பார்க்கும் வேலை 1858-இல் தொடங்கியது. சென்னை, நாகப்பட்டினம் உட்பட ஒன்பது துறைமுகங்களில் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பதிவு செய்து, அதன் சராசரியைப் பூஜ்யமாக வைத்து, 1909 வாக்கில் நாடு முழுக்கக் கணக்கை ஒன்று சேர்த்தார்கள். ஸ்டாஃப் என்ற அளவுக் கோலை நிறுத்தி, எண்ணைப் படித்து, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நிறுத்தி, கரையிலிருந்து மில்லிமீட்டர் சுத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்த உயரம். அதை அந்த அக்காவுக்கு என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ இது யாரு எல்லையும் இல்ல?"

"இல்லக்கா."

"எடுத்துட்டுப் போயிட மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அது போதும் தம்பி. இதுலதான் கத்தி நல்லா ஏறுது." மறுபடி இரண்டு இழுப்பு இழுத்தார். தேயுதே அக்கா என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள், "எத்தனை கிலோ போடட்டும்?" என்றார். அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.