பயோஸ்டாட்ஸ் பிஎச்.டி. போக நினைக்கிறவர்களுக்கு

எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கான புள்ளியியல்) பிஎச்.டி. சேர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வில் எவ்வளவு மார்க் வேண்டும் என்றுதான். பல துறைகள் இப்போது ஜி.ஆர்.இ.யே கேட்பதில்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: ரியல் அனாலிசிஸ் (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைக் கறாராக நிறுவும் கணிதம்) ஒழுங்காகப் படித்திருக்கிறாயா?

பல மாறிகளுக்கான கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டும் எங்கும் கேட்பார்கள். ரியல் அனாலிசிஸை மட்டும் சில துறைகள் கட்டாயம் என்றும், சில துறைகள் 'இருந்தால் நல்லது' என்றும் போட்டிருக்கும். அந்த 'இருந்தால் நல்லது' என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பின்னால் மெஷர் தியரி (கணங்களின் அளவைப் பற்றிய கணிதம்) அடிப்படையில் நிகழ்தகவு நடத்தும்போது, எப்சிலான்-டெல்டா நிறுவல்களில் கை பழகாதவர்கள் படுகிற பாட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உயிரியல் பட்டம் யாரும் கேட்பதில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

அங்கே இந்தத் துறை பெரும்பாலும் கணிதத் துறையோடு இருக்காது, பொதுச் சுகாதாரக் கல்லூரிக்குள் இருக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், மிச்சிகன் எல்லாமே அப்படித்தான். அதனால் எபிடெமியாலஜி (மக்களிடையே நோய்கள் வருவதையும் அவற்றின் காரணங்களையும் ஆராயும் துறை) பாடமும் சேர்ந்து வரும். அதை ஒப்புக்குப் படிக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் இரண்டு ஆண்டு முழுக்க வகுப்புதான். நிகழ்தகவு, இன்ஃபரன்ஸ் (மாதிரியை வைத்து முழுமையைப் பற்றி முடிவு செய்வது), லீனியர் மாடல், அப்புறம் சர்வைவல் அனாலிசிஸ் (இறப்பு போன்ற ஒரு நிகழ்வு வரும்வரை ஆகும் காலத்தை ஆராய்வது). 1958-இல் வந்த கப்லான்-மெயர் முறையும் 1972-இல் காக்ஸ் கொடுத்த ரிக்ரெஷனும் இன்றைக்கும் அன்றாடச் சோறு. இதற்கு நடுவே, பிஎச்.டி.யைத் தொடரத் தேறியாக வேண்டிய குவாலிஃபையிங் தேர்வு. என் துறையில் தியரி ஒரு தாள், தரவுப் பகுப்பாய்வு ஒரு தாள். தியரித் தாளில் முதல் முறை நான் தேறவில்லை.

அதில் ஒரு கேள்வி இன்னும் மறக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து தீட்டா வரை சீராகப் பரவிய மாறி. தீட்டாவுக்கான எம்.எல்.இ. (கையில் உள்ள தரவு வர அதிக வாய்ப்புத் தரும் மதிப்பு) என்பது மாதிரியில் உள்ள மிகப் பெரிய எண். மாதிரி பெருகப் பெருக அதன் பிழையின் பரவல் எதை நெருங்கும்? எம்.எல்.இ. என்றால் நார்மல் பரவல் என்று மனப்பாடமாக எழுதிவிட்டு வந்தேன். சரியான விடை எக்ஸ்போனென்ஷியல். மாறியின் எல்லையே தீட்டாவைப் பொறுத்து நகர்கிறது, அதனால் வழக்கமான நிபந்தனைகள் அங்கே நிற்காது. பிழை சுருங்கும் வேகமும் வேறு. மாதிரி நான்கு மடங்கானால் வழக்கமாகப் பிழை பாதியாகும், இங்கே கால்பங்காகிவிடும்.

தேற்றத்தின் முடிவைப் பிடித்துக்கொண்டு, 'என்க' என்று முடியும் நிபந்தனைகளைத் தாண்டிப் போவது எனக்குப் பள்ளியிலிருந்தே வந்த பழக்கம். அடுத்த முறைக்கு ஒரு நோட்டுப் போட்டேன். ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, எது உடைகிறது என்று ஓர் எடுத்துக்காட்டு தேடி எழுதினேன். நாற்பது பக்கம் வந்தது. தேறியது அந்த நாற்பது பக்கத்தால்தான். பெரும்பாலான துறைகளில் இரண்டாவது வாய்ப்பு உண்டு, மனம் உடைந்துவிட வேண்டாம்.

ஆனால் என்னைப் புள்ளியியலாளராக ஆக்கியது மருத்துவர்களோடு உட்கார்ந்த நேரம்தான். ஒருமுறை ஒரு மருத்துவர் எக்செல் தாளோடு வந்தார். ஆறு மாத மருந்தை முழுக்க எடுத்தவர்கள், பாதியில் விட்டவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்திருந்தார்கள். காக்ஸ் மாடல் ஓட்டினேன், முடிவு பிரமாதமாக வந்தது. என் வழிகாட்டி தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நாலாவது மாதம் இறந்தவர் எந்தக் குழுவில் இருக்கிறார்?"

அவர் 'பாதியில் விட்டவர்' குழுவில் இருந்தார். ஆறு மாதம் உயிரோடு இருந்தால்தானே முழு மருந்தை எடுக்க முடியும்! மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தக் குழு நீண்ட நாள் வாழ்ந்ததாகத்தான் தெரியும். இதை இம்மார்ட்டல் டைம் பயஸ் என்பார்கள். எபிடெமியாலஜி வகுப்பில் நடத்தியிருந்தார்கள், நான் தேர்வோடு விட்டிருந்தேன்.

தொடக்கத்திலேயே குலுக்கல் முறையில் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. 1950-களில் சென்னையில் காசநோயாளிகளை வீட்டுச் சிகிச்சை, சானடோரியம் என்று அப்படிப் பிரித்துத்தான் ஆராய்ந்தார்கள். வீட்டிலேயே மருந்து எடுத்தாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. நம் ஊரில் நடந்த இதை நான் கடல் தாண்டிப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ஆய்வேடு பெரும்பாலும் மூன்று கட்டுரை அளவு. அதற்கு முன் வாய்மொழித் தேர்வு. எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் உதவித்தொகையும் பொதுவாக ஆராய்ச்சி உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் வேலை வழியாகக் கிடைக்கும். அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்.ஐ.எச்.சின் டி32 பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. அதனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு எந்தப் பணத்திலிருந்து தருவீர்கள், எத்தனை ஆண்டுக்கு என்று துறையிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறே இல்லை. விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வரும். பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று. ஆசிரியர்களிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் 'சிறுவயது முதலே எண்கள் மீது ஆர்வம்' என்று தொடங்காதீர்கள். ஆர் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பில் ஸ்டான்ஃபோர்டு இதய மாற்றுத் தரவு இருக்கிறது, 103 நோயாளிகள். மாற்று இதயம் பெற்றவர், பெறாதவர் என்று சும்மா பிரித்து ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு, இதயத்துக்காகக் காத்திருந்த நாட்களைக் காத்திருப்புக் கணக்கிலேயே வைத்து, இதய மாற்றைக் காலத்தோடு மாறும் மாறியாக இன்னொருமுறை ஓட்டுங்கள். இரண்டு விடைக்கும் நடுவே என்ன நடந்தது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். அறிக்கையை அங்கிருந்து தொடங்கலாம்.